டிரிட்டியம் வெளிச்சம் 12 வருஷத்தில் அணைந்துவிடுமா?

17 மார்ச் 2024, தண்டையார்பேட்டையிலிருந்து வந்த கேள்வி

"என் அண்ணன் ஹூஸ்டனில் இருக்கிறார். வீட்டில் சின்ன பிஸ்டல் ஒன்று வைத்திருக்கிறார். அதில் இருட்டில் மூன்று புள்ளி பச்சையாக ஒளிரும் நைட் சைட் (குறிபார்க்கும் பாகம்) இருக்கிறது. 2012-இல் வாங்கியது. 'இதுக்கு 12 வருஷம்தான் ஆயுசு, இந்த வருஷத்தோட அணைஞ்சிடும், புதுசு மாத்தணும்' என்கிறார். படுக்கப் போகும் முன் டார்ச் அடித்து வைத்தால் வெளிச்சம் ஏறுகிறது என்றும் சொல்கிறார். ரெண்டும் உண்மையா?"

17 மார்ச், இரவு

அணையாது. அந்த சைட்டுக்கு ஒளி தருவது டிரிட்டியம் என்ற வாயு, டார்ச் அடித்தாலும் அது ஏறாது.

12 வருஷம் என்பது அரை ஆயுள். சரியாகச் சொன்னால் 12.3 வருஷம். அத்தனை காலத்தில் உள்ளே இருக்கும் டிரிட்டியத்தில் பாதி தீர்ந்திருக்கும், பாதி இருக்கும். அடுத்த 12.3 வருஷத்தில் அந்த மீதியில் பாதி போகும். ஒரு குறிப்பிட்ட தேதியில் பொசுக்கென்று நின்றுபோகிற சமாச்சாரம் இல்லை இது.

டார்ச் விஷயத்தில் அண்ணன் கண்ணால் பார்த்ததைப் பொய் என்று சொல்ல மாட்டேன். சில சைட்டுகளில் டிரிட்டியம் குழாயைச் சுற்றி ஒரு வளையம் பூசியிருப்பார்கள். வெளிச்சத்தை வாங்கி வைத்துக்கொண்டு பிறகு விடும் பூச்சு அது. அவர் பார்த்தது அந்த வளையம் ஏறுவதாக இருக்கலாம். நடுவில் இருக்கும் டிரிட்டியத்துக்கு டார்ச்சும் ஒன்றுதான், அமாவாசையும் ஒன்றுதான்.

18 மார்ச்

நேற்று அவசரத்தில் எழுதினேன். கொஞ்சம் விளக்கமாக.

ராயபுரத்தில் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன், கூடவே படகு காம்பஸும் பார்ப்பேன். பிஸ்டல் என் தொழில் இல்லை. ஆனால் அந்த சைட்டில் இருக்கும் குழாயும் என் மேஜைக்கு வாட்சில் வரும் குழாயும் ஒரே ஜாதி. அளவும் அடைக்கிற விதமும்தான் வேறு.

லூப் (கண்ணில் மாட்டும் பூதக்கண்ணாடி) வைத்துப் பார்த்தால் அது அரிசி மணியைவிடச் சன்னமான கண்ணாடிக் குழாய். இரண்டு முனையும் லேசரால் உருக்கி அடைத்திருக்கும். உள்சுவரில் பாஸ்பர் பூச்சு, அதாவது எலக்ட்ரான் பட்டால் ஒளிரும் பொருள். பச்சைக்குப் பெரும்பாலும் துத்தநாக சல்பைடுதான், துளி செம்பு சேர்த்தது. உள்ளே டிரிட்டியம் வாயு. அது ஹைட்ரஜனின் கதிரியக்க வடிவம். அது சிதையும்போது ஓர் எலக்ட்ரானை விட்டுவிட்டு ஹீலியம்-3 ஆகிவிடும். அந்த எலக்ட்ரான் பாஸ்பரில் மோதினால் ஒளி. பேட்டரி கிடையாது, சுவிட்ச் கிடையாது. பகலிலும் எரிந்துகொண்டேதான் இருக்கும், நம் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

வாட்சுக்கு இந்தக் குழாய்களைச் செய்வதில் பெரிய பெயர் சுவிட்சர்லாந்தின் எம்பி-மைக்ரோடெக். 1969-இல் தொடங்கிய நிறுவனம். பிஸ்டல் சைட்டில் அமெரிக்காவின் டிரிஜிகான், இஸ்ரேலின் மெப்ரோலைட் பெயர்கள் அதிகம் அடிபடும். இஸ்ரேல்காரர்கள் 1970-களிலேயே 'கலீல்' (Galil) என்ற ராணுவத் துப்பாக்கியில் மடக்கி நிமிர்த்துகிற டிரிட்டியம் சைட் வைத்துவிட்டார்கள். புதுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம்.

19 மார்ச்

வருஷக் கணக்கு கேட்டிருக்கிறார்கள். புதிதில் 100 என்று வைத்தால் 5 வருஷத்தில் டிரிட்டியம் 75 இருக்கும். 10 வருஷத்தில் 57. 20 வருஷத்தில் 32. 25 வருஷத்தில் ஏறக்குறைய 25. வருஷத்துக்கு ஐந்தரை சதவீதம் தேய்கிறது.

இது வாயுவின் கணக்கு மட்டும். வெளிச்சம் இதைவிட வேகமாகக் குறையும். ராப்பகலாக எலக்ட்ரான் அடி வாங்கும் பாஸ்பரும் களைத்துப்போகிறது. விளக்கில் எண்ணெய் தீர்வது ஒரு பக்கம், திரி கருகுவது இன்னொரு பக்கம். எவ்வளவு வேகமாகக் கருகும் என்பது பாஸ்பரின் தரத்தையும் நிறத்தையும் பொறுத்தது. அதனால்தான் ஒரே வயதுள்ள இரண்டு குழாயில் ஒன்று தெளிவாகவும் இன்னொன்று மங்கலாகவும் இருப்பதை நான் பார்க்கிறேன்.

பழைய சுவிஸ் வாட்சுகளை எடுத்துக்கொள்ளுங்கள். டயலின் அடியில் டி (T) என்ற எழுத்து போட்டு வரும், 1990-களின் இறுதிவரை வந்தவை. அதில் டிரிட்டியத்தைக் குழாயில் அடைக்காமல் பெயின்ட்டாகப் பூசினார்கள். 30 வருஷத்துக்கு டிரிட்டியம் இன்னும் 18 சதவீதம் இருக்க வேண்டும். நடைமுறையில் அவற்றில் பெரும்பாலானவை செத்துக் கிடக்கின்றன. பூச்சு பழுத்து வெண்ணெய் நிறத்துக்கு வந்துவிட்டது. பழுத்த டயலுக்குக் கூட விலை கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், அது வேறு கதை.

23 மார்ச்

இரண்டு நாளாக எனக்கு உறுத்திக்கொண்டிருப்பது இதுதான்: நாம் எல்லோரும் குழாயைப் பற்றியே பேசுகிறோம், கண்ணைப் பற்றிப் பேசவில்லை.

கடைக்கு வருகிறவர் வாட்சை உள்ளங்கையில் பொத்தி, ஒரு கண்ணை மூடி, விரலிடுக்கில் எட்டிப் பார்த்துவிட்டு "அவுட்டு, எரியல" என்பார். வெளியே எம்.சி. ரோட்டு வெயிலில் நடந்து வந்த கண் அது. அந்தக் கண்ணுக்குப் புத்தம்புது குழாயும் எரியாது. இருட்டுக்குக் கண் பழக நேரம் வேண்டும். விழித்திரையில் இரண்டு வகைச் செல்கள் உண்டு. நல்ல வெளிச்சத்துக்கான கூம்புச் செல்கள் பத்து நிமிஷத்தில் தங்களால் ஆனதைச் செய்துவிடும். கோல் செல்கள் முழுதாக விழிக்க 20 முதல் 30 நிமிஷம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். மங்கல் வெளிச்சத்தைப் பார்ப்பது அந்தக் கோல் செல்கள்தான். நடுவே ஒரு தடவை செல்போனைத் திறந்தால் மறுபடி முதலிலிருந்து.

பச்சைக்கு ஏன் இத்தனை மவுசு என்பதும் இதில்தான் இருக்கிறது. இருட்டுக்குப் பழகிய கண் பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவில் இருக்கும் ஒளிக்குத்தான் நன்றாக மசியும், சிவப்புக்குக் கிட்டத்தட்ட குருடு. ஆரஞ்சு, சிவப்புக் குழாய் சீக்கிரம் மங்கிவிட்டதாகத் தோன்ற இதுவும் ஒரு காரணம்.

போன டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்தபோது எங்கள் பக்கம் கரண்ட் போய்விட்டது. தெருவிளக்கும் இல்லை, எதிர்வீட்டு பல்பும் இல்லை. வட சென்னையில் அப்படி ஒரு இருட்டு அபூர்வம். ஹார்பர் விளக்குகளும் லாரிகளும் சேர்ந்து எந்த ராத்திரியையும் சாம்பல் நிறமாக்கி வைத்திருக்கும் ஊர் இது. அந்த இருட்டில், செத்துவிட்டது என்று நான் ஒதுக்கிவைத்திருந்த ஒரு குழாய் வாட்ச் சுவரில் ஆணியில் தொங்கிக்கொண்டு மணி காட்டியது. பன்னிரண்டாம் எண்ணுக்கு மட்டும் இரண்டு குழாய் வைத்திருப்பார்கள். அந்த இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க முடிந்தது. நேராக முறைத்தால் மங்கும், பார்வையைக் கொஞ்சம் ஒதுக்கினால் தெளியும். பார்வையின் நட்ட நடுவில் கோல் செல்கள் கிடையாது, அதனால் அப்படி.

ஆகவே தம்பி, அண்ணனிடம் சொல்லுங்கள்: விளக்கை அணைத்து, போனைக் கவிழ்த்துவைத்து, அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டுப் பிறகு பார்க்கட்டும். குண்டு எடுத்து, காலி என்று உறுதி செய்த பிறகு.

24 மார்ச்

ஒன்று விட்டுப்போயிற்று. 2012-இல் வாங்கினார் என்பது பில்லின் தேதி. குழாய்க்கு அந்தத் தேதி தெரியாது. தயாரித்த தேதியைத்தான் பார்க்க வேண்டும். சைட்டின் பக்கவாட்டிலோ அடியிலோ பொடி எழுத்தில் வருஷம் இருக்கும், இல்லையென்றால் அட்டைப்பெட்டியில் இருக்கும். பல கம்பெனிகள் உத்தரவாதத்தையும் தயாரித்த நாளிலிருந்தே எண்ணுகின்றன.

பர்மா பஜாரில் "புதுசு, சீல் பிரிக்காதது" என்று வாங்கி வந்த குழாய் வாட்சுகள் என்னிடம் வந்திருக்கின்றன. பெட்டி புதுசுதான், வாட்சிலும் ஒரு கீறல் கிடையாது. ஆனால் பின்மூடியில் இருக்கும் தேதியைப் பார்த்தால் எட்டு ஒன்பது வருஷம் கோடவுனில் தூங்கிய சரக்கு. நாற்பது சதவீதம் கடையிலேயே எரிந்து தீர்ந்துவிட்டது. நைட் சைட்டோ வாட்சோ காம்பஸோ, டிரிட்டியத்தில் எதை வாங்கினாலும் முதலில் தேதி, அப்புறம் விலை.

30 மார்ச்

பெரம்பூரிலிருந்து ஒருவர்: மாமாவின் லைசன்ஸ் ரிவால்வர் தேர்தலுக்காக ஸ்டேஷனில் ஒப்படைத்திருக்கிறது, ஜூன் வரை இருட்டுப் பெட்டியில் கிடந்தால் வெளிச்சம் மிச்சமாகுமா என்று கேட்கிறார்.

டிரிட்டியமாக இருந்தால் ஒரு துளியும் மிச்சமாகாது. ஸ்டேஷன் லாக்கர், பீரோ, இடுப்பு, எங்கே இருந்தாலும் ஒரே வேகம்தான். சூடோ குளிரோ அந்தச் சிதைவை மாற்றாது. ஆனால் அவர் எழுதியிருப்பதைப் பார்த்தால் அது .32 ரிவால்வர், இந்தியாவில் செய்தது. அதில் வருவது சாதாரண இரும்பு சைட். ஒளிர்கிறது என்றால் யாரோ மேலே பூச்சு தொட்டு வைத்திருக்கிறார்கள். அது வெளிச்சம் வாங்கி ஒளிரும் பூச்சு. லாக்கரிலிருந்து எடுக்கும்போது கரிக்கட்டை மாதிரிதான் இருக்கும், வெயிலில் ஐந்து நிமிஷம் காட்டினால் உயிர் வந்துவிடும்.

2 ஏப்ரல்

பூச்சு மட்டமா என்று கேட்டதற்கு: மட்டம் இல்லை. எத்தனை மணிக்குப் பார்க்கப் போகிறீர்கள் என்பதுதான் கேள்வி.

இப்போது பெரும்பாலான நல்ல வாட்சுகளில் வருவது ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட் பூச்சு. ஜப்பானின் நெமோட்டோ கம்பெனி 1993-இல் கொண்டுவந்தது. கதிரியக்கம் அறவே கிடையாது. விளக்கை அணைத்த நிமிஷத்தில் டிரிட்டியத்தை ஓரங்கட்டிவிடும், அப்படி ஒரு பிரகாசம். ஆனால் முதல் அரை மணியிலேயே சரசரவென்று இறங்கும். இரண்டு வாட்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ராத்திரி பத்து மணிக்குப் பூச்சுதான் ராஜா. நடுராத்திரி தாண்டினால் இரண்டும் சமமாக வரும். விடியற்காலை நான்கு மணிக்குப் பூச்சு இருக்கும் இடத்தைத் தேட வேண்டும், டிரிட்டியம் பத்து மணிக்கு இருந்த அதே அளவில் நிற்கும். அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் நைட் ஷிப்ட் பார்க்கிறவருக்கு நான் பூச்சு வாட்சைத்தான் சொல்வேன், அவர் வெளிச்சத்தில் வேலை செய்கிறவர், அது ஏறிக்கொண்டே இருக்கும். ராத்திரி முழுக்க இருட்டறையில் மேஜை டிராயருக்குள் கிடக்கும் பொருளுக்கு டிரிட்டியம்தான்.

16 ஏப்ரல்

நேற்றோடு மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பம், ஜூன் 14 வரை 61 நாள். காசிமேட்டில் விசைப்படகுகள் கரையேறிவிட்டன. இஞ்சினைப் பிரிக்கும்போதே காம்பஸையும் கழற்றி அனுப்பிவிடுவார்கள், என் மேஜை நிறைந்துவிட்டது. எல்லோரிடமும் ஜிபிஎஸ் இருக்கிறது. இருந்தாலும் பழைய ஓட்டிகள் காம்பஸை விட மாட்டார்கள். பேட்டரி போனால் நம்மைக் கரை சேர்ப்பது முள்தான் என்பார்கள். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கும்.

இன்று ஒரு பெரியவர் தன் அப்பா காலத்துக் கைக்காம்பஸ் ஒன்றைக் கொண்டுவந்தார். முனையில் பழுப்பாக ஒரு பூச்சு, இருட்டில் ஒன்றும் தெரியவில்லை. "சுரண்டிட்டு புதுசா பூசிக் குடு" என்றார். நான் சுரண்டவில்லை. அந்தக் காலத்துப் பழுப்புப் பூச்சு ரேடியமாக இருக்க வாய்ப்பு அதிகம். ரேடியத்தின் அரை ஆயுள் 1,600 வருஷம். வெளிச்சம் செத்ததற்குக் காரணம் பாஸ்பர் அடிபட்டு நொறுங்கியது. ரேடியம் அப்படியே முழுசாக அங்கே உட்கார்ந்திருக்கிறது. சுரண்டினால் தூசாகி மூக்கில் ஏறும். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் 1917-லிருந்து டயலுக்கு ரேடியம் பூசிய பெண்கள் பிரஷ் முனையை உதட்டில் வைத்துக் கூராக்கினார்கள், அப்படித்தான் பழக்கினார்கள். பலர் தாடை எலும்பு அழுகிச் செத்தார்கள். எங்கள் தொழிலின் கணக்கில் எழுதப்பட்ட சாவுகள் அவை. பழைய டயலை பிளேடால் சுரண்டுகிற மெக்கானிக் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து நிறுத்துங்கள். கண்ணாடியோடு மூடியே வைத்திருங்கள்.

பெரியவருக்கு முள்ளை மட்டும் சரிசெய்து, பூச்சைத் தொடாமல் மூடிக் கொடுத்தேன். பேரனிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறேன்.

17 ஏப்ரல்

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு, டிரிட்டியமும் அப்படித்தானா, அண்ணன் தலைமாட்டில் வைத்துத் தூங்குகிறாரே என்று தண்டையார்பேட்டைத் தம்பி பயந்துபோய்க் கேட்டிருக்கிறார். பயம் வேண்டாம். டிரிட்டியம் விடும் எலக்ட்ரான் பலவீனமானது. காற்றில் ஆறு மில்லிமீட்டர் போவதற்குள் நின்றுவிடும். குழாயின் கண்ணாடியையே தாண்டாது, நம் தோலின் செத்த மேல்படலத்தையும் தாண்டாது. அமெரிக்காவில் இதைத் தயாரிக்கிறவருக்குத்தான் உரிமம் வேண்டும், வாங்கி வைத்திருப்பவருக்கு வேண்டாம்.

ஆபத்து உள்ளே போனால்தான். குழாய் உடைந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் அறையை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். சில்லை வெறும் கையால் பொறுக்கக் கூடாது. குழாய் வாட்சில் முள் கழற்றும்போது எனக்கு இன்றும் மூச்சு நின்று வரும். முள்ளின் முதுகில் குழாய் ஒட்டியிருக்கும், லீவரை ஒரு பக்கம் அதிகமாக அழுத்தினால் முள் வளையும், முள் வளைந்தால் குழாய் விரிசல் விடும். டயல்மேல் பிளாஸ்டிக் தாளை விரித்து, இரண்டு லீவரையும் ஒரே சமயத்தில், மயிரிழை மயிரிழையாகத் தூக்குவேன்.

ஆன்லைனில் உதிரிக் குழாய் வாங்கிச் சாவிக்கொத்தில் கட்டலாமா என்று ஒரு பையன் கேட்டிருந்தார். வேண்டாம். இங்கே கதிரியக்கப் பொருள் எல்லாம் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் கட்டுப்பாட்டில் வருகிறது. நான் உதிரிக் குழாய் விற்பதில்லை, ஒட்டித் தருவதும் இல்லை.

21 ஏப்ரல்

டிரிட்டியம் எங்கிருந்து வருகிறது? வானத்தில் காஸ்மிக் கதிரால் துளித்துளியாக உண்டாகிறது, அதைப் பிடிக்க முடியாது. விற்பனைக்கு வருவது பெரும்பாலும் கனநீர் அணு உலைகளிலிருந்து. கனநீரில் இருக்கும் டியூட்ரியம் (ஹைட்ரஜனின் கனமான வடிவம்) ஒரு நியூட்ரானை விழுங்கினால் டிரிட்டியம். கனடாவின் டார்லிங்டனில் இதைப் பிரித்தெடுக்கவே ஒரு ஆலை இருக்கிறது. நம் கல்பாக்கத்தில் இருக்கும் சென்னை அணுமின் நிலையத்தின் இரண்டு உலைகளும் கனநீர் உலைகள்தான், ஓடும்போது உள்ளே இதே வேலைதான் நடக்கும். என் மேஜையில் மினுங்கும் பச்சைக்கும் கடற்கரையோரமாகத் தெற்கே போனால் வரும் அந்த உலைக்கும் இப்படி ஒரு உறவு இருப்பது எனக்குச் சந்தோஷம் தருகிற விஷயம்.

28 ஏப்ரல்

பிஸ்டலுக்குத் திரும்புவோம். அண்ணன் போட்டோ அனுப்பியிருக்கிறார், தம்பி காட்டினார். முன் சைட்டில் ஒரு புள்ளி, பின் சைட்டில் இரண்டு. மூன்றும் ஒரே பச்சை.

சின்ன பிஸ்டலில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே ஆறு அங்குலம்தான், அதற்கும் குறைவாகவும் இருக்கும். பின் புள்ளிகள் கண்ணுக்குக் கிட்டே இருப்பதால் பெரிதாகவும் தூக்கலாகவும் தெரியும். நமக்கு வேண்டியதோ முன் புள்ளி. மூன்றும் ஒரே வயதாக இருந்தால் தேய்ந்த பிறகும் இந்தப் பேதம் அப்படியே இருக்கும். அதனால்தான் இப்போது பின்னால் மங்கல் குழாய் அல்லது வேறு நிறம் வைக்கிறார்கள், சிலர் பின்னால் ஒன்றுமே வைக்காமல் கறுப்பாக விட்டுவிடுகிறார்கள். புது செட் வாங்குவதானால் பிரகாசத்தைவிட இதைக் கவனிக்கச் சொல்வேன்.

இன்னொன்று வயசு. அண்ணனுக்கு ஐம்பது நெருங்குகிறது என்கிறார் தம்பி. கண்ணாடி போடாமல் கை நீளத்தில் இருக்கும் புள்ளி பூவாக விரியும். கண்ணின் பாவையும் வயதாக ஆக இருட்டில் முன்போல விரியாது. 2012-இல் பளிச்சென்று தெரிந்தது இன்று மங்கல் என்றால், பழியில் ஒரு பங்கு கண்ணுக்குப் போக வேண்டும்.

மனதில் கிடப்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த மூன்று புள்ளியும் சொல்வது துப்பாக்கி எந்தப் பக்கம் நோக்கியிருக்கிறது என்பதை மட்டும். எதிரே நிற்பது திருடனா, தண்ணீர் குடிக்க எழுந்த பிள்ளையா என்பதைச் சொல்லாது. அதற்கு டார்ச்தான் வேண்டும். டார்ச்சைச் சைட்டுக்கு அடிப்பதை விட்டுவிட்டு வாசல் பக்கம் அடிக்கட்டும். இதை அண்ணனிடம் அழுத்திச் சொல்லுங்கள், வெளிச்சக் கணக்கைவிட இது முக்கியம்.

9 மே

தம்பி நேற்று கடைக்கே வந்துவிட்டார். அண்ணன் அரை மணி நேரம் இருட்டில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். சைட்டின் பக்கவாட்டில் 2011 என்று இருக்கிறது. அப்படியானால் 13 வருஷம், டிரிட்டியம் 48 சதவீதம். முன் புள்ளி நன்றாகத் தெரிகிறது. பின் இடது புள்ளியும் தெரிகிறது. பின் வலது புள்ளி சுத்தமாக இல்லை.

இது ஆயுசு விஷயம் இல்லை. ஒரே நாளில் அடைத்த மூன்று குழாயில் இரண்டு எரிந்து ஒன்று மட்டும் முழு இருட்டு என்றால், அந்தக் குழாய் விரிசல் விட்டு வாயு எப்போதோ போய்விட்டது. எப்போதாவது கீழே விழுந்ததா என்று கேட்டுப் பாருங்கள். தயாரித்தவருக்கு எழுதி, சைட்டை அவர்களுக்கே திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். குப்பையில் போட வேண்டாம், ஊசியால் நோண்டி வெளியே எடுக்கவும் வேண்டாம். மற்ற இரண்டும் இன்னும் பல வருஷம் எரியும். ஆனால் மாற்றினால் மூன்றையும் சேர்த்தே மாற்றட்டும். ஒன்றை மட்டும் புதிதாக வைத்தால் அது மற்ற இரண்டையும் அமுக்கிவிட்டு, கண்ணைத் தன் பக்கமே இழுக்கும்.